தேய்ந்த கவசம் யாருக்கு?

உலகத்துப் பொருள்களுட் பெரும்பாலானவை தம் முடிவைத் தாமே அறிவித்துவிடுகின்றன. சோறு ஊசிப்போனால் நாற்றம் சொல்லும். வேட்டி நைந்தால் கிழிசல் சொல்லும். விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் இருள் சொல்லும். வேறு சில பொருள்களோ அவ்வாறு அறிவிப்பதில்லை. அவற்றின் பயன் போய்விடும், உருவம் போகாது. நம்மைக் காப்பதற்கென்று நாம் வைத்திருக்கும் பொருள்கள் பலவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. சோறு நாள்தோறும் உண்ணப்படுவதால் அதன் குறை நாள்தோறும் தெரிகிறது. காப்புப் பொருளோ ஆபத்து வரும் ஒரே கணத்தில்தான் சோதிக்கப்படுகிறது. அந்தக் கணத்தில் குறை தெரிந்து என்ன பயன்?

இருசக்கர வண்டியோட்டிகள் அணியும் தலைக்கவசம் இத்தகையது. அதனைப் பற்றி நம்மிடம் ஒரு மஸ்அலா வந்தது. கேட்டவர் முன்னர் நம்மிடம் ஓதிய மாணவர். இப்பொழுது முப்பது வயதைக் கடந்தவர். சென்ற கோடை விடுமுறையில் அவர் மதுரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஸ்ரீநகருக்குப் புறப்பட்டார். கன்னியாகுமரியையும் காஷ்மீரத்தையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே அவருடைய வழி. சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு, கர்னூல், ஹைதராபாத் எனக் கடந்து நாகபுரியை அடைந்தபோது, ஆறாண்டுகளாகத் தாம் அணிந்துவந்த தலைக்கவசத்தின் தாடைவார் தைத்த இடத்தில் நைந்திருப்பதைக் கண்டார். உள்ளே பஞ்சு தளர்ந்து, கவசம் தலையில் ஆடிற்று. இன்னும் 1,800 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அந்நகரிலேயே புதிய கவசம் ஒன்றை வாங்கி அணிந்துகொண்டார். இதுவரையில் வழக்கில்லை.

நகருக்கு வெளியே ஒரு பஞ்சர் கடையில் காற்றடிக்க நின்றபோது, அங்கு வேலை செய்த இளைஞன் ஒருவன் மூட்டையின்மேல் கட்டியிருந்த பழைய கவசத்தைக் காட்டி, ‘இது உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்குக் கொடுங்கள்’ என்று கேட்டான். அவனிடம் வண்டி உண்டு, கவசம் இல்லை. நம் மாணவர் தயங்கினார், பின்பு மறுத்துவிட்டார். காரணம் சொல்ல அவருக்கு இந்தி போதவில்லை. இளைஞனின் முகம் வாடியது. வழிநெடுக அந்த முகம் தம்முடன் வந்ததாக அவர் சொன்னார். ‘ஹஜ்ரத், எனக்குப் பயன்படாது என்று நான் கழற்றிவைத்த பொருளைத்தானே அவன் கேட்டான்? கொடுக்க மறுத்தது கஞ்சத்தனம் ஆகுமா?’ என்பது அவர் வினா.

விடை கூறுமுன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். பொருளை அறியாமல் தீர்ப்புக் கூறுதல் நம் ஆசிரியர்கள் நமக்குக் கற்பித்த முறையன்று.

தலைக்கவசத்தின் வரலாற்றில் நம் வாசகர் பலரும் கேள்விப்பட்ட ஒரு பெயர் இடம்பெறுகிறது. முதல் உலகப் போரில் ஹிஜாஸ் மண்ணில் உலவியவரும், ‘அரேபிய லாரன்ஸ்’ என்று அறியப்பட்டவருமான ஆங்கிலேயர், 1935 மே மாதம் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, மிதிவண்டிகளில் வந்த இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பி வீசியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். பின்னர் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டும் போர்வீரர்களின் தலைக் காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் இராணுவம், பணியிலுள்ள மோட்டார் சைக்கிள் வீரர்கள் கவசம் அணிவதைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்நாட்டில் அது சட்டமாக 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு இக்கடமையை விதிக்கிறது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசங்களையே செய்யவும் விற்கவும் வேண்டும் என்ற ஆணையும் நடைமுறைக்கு வந்தது.

கவசம் காப்பது எவ்வாறு? வெளியே பளபளக்கும் ஓடுதான் தலையைக் காக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். ஓடு கூரிய பொருள் ஊடுருவாமல் தடுக்கும். அடியின் வேகத்தைப் பரவலாக்கும். உயிர்காக்கும் பெரும்பணி அதற்கு உட்புறத்தில் உள்ள கெட்டியான நுரை அடுக்கினுடையது. நாம் தெர்மாகோல் என்று வழங்கும் பொருளின் இனத்தைச் சேர்ந்ததே அது. தலை தரையில் மோதும்போது அந்நுரை நசுங்குகிறது. தான் நசுங்குவதனால் மோதலின் ஆற்றலைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, மூளைக்குச் செல்லும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. நசுங்கிய நுரை மீண்டும் எழுவதில்லை. அது ஒருமுறைக்கென்றே படைக்கப்பட்ட காவலாளி. ஆதலின் ஒருமுறை பலத்த அடிபட்ட கவசம், ஓட்டில் கீறல்கூட இல்லாவிடினும், தன் கடமையை முடித்துவிட்டதென்றே கொள்ளவேண்டும்.

அடிபடாத கவசமும் மூப்படைகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர், தலையின் வியர்வை, எண்ணெய், பெட்ரோல் ஆவி ஆகியவை ஓட்டையும் பசையையும் வாரையும் மெல்ல மெல்லத் தின்கின்றன. கோடையில் நாகபுரியின் வெயில் 45 பாகையைத் தாண்டுவதுண்டு. அவ்வெயிலில் நிறுத்திய வண்டியின்மேல் கிடக்கும் கவசம் படும் பாடு அதிகம். அதனை வண்டியின் பக்கக் கண்ணாடியில் மாட்டுவது எல்லோருக்கும் உள்ள வழக்கம். அக்கண்ணாடியின் முனை உள்நுரையில் பள்ளம் உண்டாக்குகிறது. பெட்ரோலால் துடைத்து மினுக்குவோரும் உளர். பிளாஸ்டிக் ஓடு அதனால் வலுவிழக்கும். ஸ்னெல் என்பவர் அமெரிக்கக் கார் பந்தய வீரர்; 1956-இல் பந்தயத்தில் தலைக் காயத்தால் இறந்தார். அவர் பெயரால் மறு ஆண்டு தொடங்கிய கவச ஆய்வு நிறுவனம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை கவசத்தை மாற்றுக என்று பரிந்துரைக்கிறது. ஐந்தாம் ஆண்டின் கடைசி நாளில் கவசம் செத்துவிடுகிறது என்பது இதன் பொருளன்று. நாள்தோறும் வெயிலில் உழைத்தது முன்னரே தளரலாம். பெட்டிக்குள் இருந்தது பின்னரும் நிற்கலாம். கண்ணால் காணமுடியாத ஒன்றைப் பற்றி முன்னெச்சரிக்கையாக வகுத்த வரம்பே அது.

இங்கே சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. புதிய கவசம் கன்னத்தை இறுக்கும். சில நாள்களுக்குத் தொந்தரவாகவே இருக்கும். பழையதோ இதமாக இருக்கும். அந்த இதம் எங்கிருந்து வந்தது? உட்பஞ்சு அமுங்கி, தலைக்கும் கவசத்துக்கும் இடையே வெற்றிடம் உண்டாயிற்று. அதனையே நாம் ‘பழகிவிட்டது’ என்கிறோம். வாரைப் பூட்டியபின் கவசத்தை அசைத்தால் நெற்றித்தோலும் உடன் அசையவேண்டும். பின்புறத்தின் கீழ்விளிம்பைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளினால் அது முன்பக்கமாகக் கழன்றுவிடக் கூடாது. கழலுமாயின், விபத்தில் தலை தரையைச் சேருமுன் கவசம் வேறிடம் சேர்ந்திருக்கும். இதம் தருகிறது என்பதனாலேயே ஒரு பொருள் நமக்கு நன்மை செய்கிறது என்று எண்ணுவது கவசத்தில் மட்டும் நேரும் பிழையன்று.

நெடும்பயணத்தின் நடுவே இந்த உண்மை தெரியவரும்போது மனம் பல வழக்குகளை எடுத்துரைக்கும். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், போய்ச் சேர்ந்தபின் மாற்றலாம்’ என்னும். ‘பயணத்துக்கு எடுத்துவைத்த பணம் குறையும்’ என்னும். ‘புதியது இறுக்கும், நீண்ட வழியில் தலை வலிக்கும்’ என்னும். கடைசியில் சொல்வதில் சிறிது உண்மை உண்டு. ஆதலின் கடையில் நாடாவால் புருவத்துக்கு மேலாகத் தலையின் சுற்றளவை அளந்து, அணிந்தபடியே கால்மணி நேரம் இருந்து, நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் குத்தினால் வேறு வடிவம் தேர்ந்து வாங்கவேண்டும். வலிக்கு அஞ்சிப் பெரிய அளவை வாங்குவது பழைய குற்றத்தைப் புதிய விலையில் வாங்குவதாகும். ஏனைய வழக்குகளுக்கு விடை எளிது. கடந்துவந்த தூரம் எஞ்சிய தூரத்துக்குப் பிணை நிற்பதில்லை.

‘விதிப்படியே நடக்கும், இதற்கு ஏன் இவ்வளவு?’ என்று கேட்போர் நம்மிடையே உளர். அரபு மொழியில் தலைக்கவசத்துக்கு ‘மிக்ஃபர்’ என்று பெயர். மக்கா வெற்றியின் நாளில் பெருமானார் (ஸல்) அவர்கள் அந்நகருள் நுழைந்தபோது தலையில் மிக்ஃபர் அணிந்திருந்தார்கள் என அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். தவக்குலில் அவர்களை விஞ்சியவர் எவருமிலர். அவர்களே அணிந்தபோது, அணியாமையைத் தவக்குல் என்று அழைக்க நமக்கு உரிமை ஏது?

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம்.

கொடுத்திருக்க வேண்டும் என்போர் இரண்டு நியாயங்களைக் கூறுவர். முதலாவது, பயன்படும் பொருளை வீணாக்குவது இஸ்ராஃப் என்பது. இரண்டாவது, ஒன்றுமே இல்லாததற்கு ஏதோ ஒன்று இருப்பது மேல் என்பது. இரண்டும் எளிதில் தள்ளத்தக்கவையல்ல. இரண்டாவதன் பின்னால் ஓர் உண்மையான துயரமும் நிற்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் கவசமின்றி உயிரிழந்த இருசக்கர வண்டிப் பயணிகள் 50,029 பேர் என அரசின் அறிக்கை கூறுகிறது. கவசம் மரண ஆபத்தை நூற்றுக்கு 42 பங்கும், தலைக் காய ஆபத்தை 69 பங்கும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் கண்ட முடிவு. அந்த இளைஞனின் வெறுந்தலையை எண்ணிப் பார்க்கும் எவருக்கும் மறுப்பது எளிதன்று.

ஆயினும் வகை பிரித்துப் பார்க்கவேண்டும். பலத்த அடிபட்ட கவசம் ஒரு வகை; தாடைவார் நம்பத்தகாததாகிவிட்டது மற்றொரு வகை; ஆண்டு மட்டும் மிகுந்தது மூன்றாம் வகை. முதல் வகை உள்ளே செயலிழந்தது. இரண்டாம் வகை தலையில் நில்லாதது. இவற்றை ஒருவனுக்குத் தருவது ‘ஏதோ ஒன்று’ தருவதாகாது; இருப்பதாகத் தோன்றும் ஓர் இன்மையைத் தருவதாகும். மூன்றாம் வகை ஓரளவு காக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. அதனையும் தருவதானால் அதன் வயதையும் குறையையும் பெறுவோன் அறியும் மொழியில் சொல்லித் தரவேண்டும். சொல்லாமல் தந்தால் மற்றொரு தீங்கும் சேர்கிறது: கவசமில்லாதவன் இல்லை என்று அறிந்திருப்பதால் என்றேனும் வாங்குவான், குறையுள்ளதைப் பெற்றவன் ‘என்னிடம் இருக்கிறது’ என்று நம்பி வாங்காமலே இருப்பான். நம் கொடை அவனுக்கு வரவிருந்த காப்பையும் தடுத்துவிடும். நம் மாணவரிடம் இருந்ததோ வார் நைந்த கவசம். குறையைச் சொல்ல மொழியும் இல்லை. ஆகவே அவர் மறுத்தது சரி.

கொடுப்பதற்கே இந்த வரம்பு என்றால் விற்பதற்குச் சொல்லவேண்டுவதில்லை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது, மேலே உலர்ந்திருந்த தானியம் உள்ளே நனைந்திருந்தது விரலில் தெரிந்தது. மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டுக் கண்டித்தார்கள். குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித்தரும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு என்று நம் ஃபிக்ஹு நூல்கள் விரித்துரைக்கும். விரிசலில் பசை பூசி, மேலே வண்ணம் அடித்து விற்கப்படும் பழைய கவசம் அந்தத் தானியக் குவியலேயன்றி வேறில்லை. கொடுமை யாதெனில், இங்கே வாங்கியவன் குறையை அறியும்போது திருப்பித்தர அவன் இருக்கமாட்டான்.

அவ்வாறாயின் மாணவர் முழுவதும் சரியாகவே நடந்தாரா? நம் கருத்தில் பாதி நடந்தார். தமக்கு வேண்டாமென்று ஒதுக்கியதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதைத் திருமறை கண்டிக்கிறது; ஆனால் அத்தகையதைக் கொடாமல் கையை மடக்கிக்கொள்வதோடு அந்தக் கண்டனத்தின் நோக்கம் நிறைவேறிவிடாது. அந்த இளைஞன் கேட்டது பழைய கவசம் என்றாலும், அவனுக்கு வேண்டியிருந்தது கவசம். பழையதை மறுத்த கை, முத்திரை பெற்ற எளிய புதியது ஒன்றின் விலையையோ, அதில் ஒரு பகுதியையோ நீட்டியிருக்கலாம். வழிப்பயணி, கையில் எண்ணிய பணமே உள்ளவர் எனின், வாரைத் தொட்டுக்காட்டிக் குறையைச் சைகையாலேனும் உணர்த்தியிருக்கலாம். ‘உனக்குத் தர மனமில்லை’ என்று அவன் எண்ணியது, ‘இது உன்னைக் காக்காது’ என்று மாறியிருக்கும். மறுப்பிலும் மனிதனுக்கு மரியாதை உண்டு. அதைச் சேர்ப்பது காரணத்தைச் சொல்லுதலே. கஞ்சத்தனம் என்று அவரை நாம் சொல்லவில்லை. நல்ல மறுப்பு, அதனைத் தொடர்ந்து வரவேண்டிய நற்செயல் இன்றித் தனித்து நின்றுவிட்டது என்றே சொன்னோம்.

இந்த மஸ்அலா நாகபுரியோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுத நேர்ந்திராது. நம் வீடுகளைப் பாருங்கள். குடும்பத் தலைவர் புதிய கவசம் வாங்குகிறார். பழையது எங்கே போகிறது? பின்னிருக்கையில் அமரும் மனைவிக்கு, அல்லது கல்லூரி செல்லும் தம்பிக்கு. ‘பின்னால்தானே உட்காருகிறாள்’ என்று நியாயமும் சொல்லப்படுகிறது. மேலே கூறிய 50,029 பேரில் 14,337 பேர் பின்னிருக்கையில் இருந்தவர்கள். வண்டி சாயும்போது தரை, முன்னிருந்தவர் யார், பின்னிருந்தவர் யார் என்று விசாரிப்பதில்லை. ஒன்பது மாதத்துக்கு மேல் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அளவான கவசமும் பிணைவாரும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் விதி வகுக்கப்பட்டது. நம் தெருக்களிலோ, தந்தை மட்டும் கவசம் அணிந்திருக்க, தாயின் மடியில் குழந்தை வெறுந்தலையோடு போவதையே பெரும்பாலும் காண்கிறோம். பஞ்சர் கடை இளைஞன் அயலான். அவன்பொருட்டு ஒருவர் மனம் வழிநெடுக வருந்திற்று. இவர்களோ நம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட அமானத்துகள்.

பழங்காலச் சேர மன்னரைப் பாடிய பதிற்றுப்பத்துப் புலவர்கள், அரசனைத் தன் வீரர்களுக்கு ‘மெய்ம்மறை’ என்று அழைத்தனர். மெய்ம்மறை என்றால் உடலை மறைக்கும் கவசம். தலைவனாக இருப்பவன் பிறர்க்குக் கவசமாக இருக்கவேண்டும் என்பது அச்சொல்லின் உட்கிடை. நல்லதைத் தான் அணிந்து தேய்ந்ததைப் பின்னிருக்கைக்குத் தள்ளும் குடும்பத் தலைவர் இச்சொல்லைச் சிறிது நினைத்துப் பார்ப்பாராக.

எஞ்சியது இஸ்ராஃப் பற்றிய ஐயம். காக்க மாட்டாத கவசத்தைக் கவசமாக உலவவிடாமல் தடுப்பது விரயம் ஆகாது. பிறர் எடுத்து அணியாதபடி அதன் தாடைவாரை அறுத்துவிடவேண்டும். ஓட்டின்மேல் பெரிதாக ஒரு குறியும் இடலாம். அதன்பின் அந்த ஓட்டில் மண் நிரப்பிக் கொத்தமல்லி விதைப்பாரும் உளர். கவசமாக இருந்தது தொட்டியாகிறது, தொட்டி என்றே எல்லோரும் அறிகின்றனர், ஏமாறுவார் எவருமிலர். பொருளின் பயன் மாறும்போது அதன் பெயரும் உடன் மாறிவிட்டால் பொய்க்கு இடமில்லாமல் போகிறது.

மிக்ஃபர் என்னும் சொல் பிறந்த வேரிலிருந்தே ‘மக்ஃபிரத்’ என்னும் சொல்லும் பிறக்கிறது. வேரின் பொருள் மூடுதல், மறைத்தல். கவசம் தலையை மூடிக் காக்கிறது. மன்னிப்பு அடியானின் பிழையை மூடிக் காக்கிறது. பொருளின் குறையை மூடிப் பிறர் கையில் கொடுப்பதும் ஒரு மூடுதல்தான். ஆனால் அது எவரையும் காப்பதில்லை. இன்றிரவு வண்டியை நிறுத்தியபின், வீட்டிலுள்ள கவசங்கள் அனைத்தையும் விளக்கடியில் வைத்து, வாரை இழுத்து, உட்புறத்தைத் தடவி, செய்த தேதியைப் பாருங்கள். முதலில் பின்னிருக்கைக்கு உரியதைப் பாருங்கள்.